சொர்க்கப் பறவையின் கால்கள்

லைடன், 1604 அக்டோபர் 12

எங்க்ஹைசன் துறைமுகத் தெருவில் வசிக்கும், என் தம்பி லுபெர்டின் மனைவி ஹில்லே அம்மாளுக்கு, மருத்துவர் எவர்ட் எழுதுவது.

நீங்கள் அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை படகில் வந்து சேர்ந்தது. லுபெர்ட் கப்பலிலேயே இறந்த செய்தியை உங்கள் இரண்டு வரியில் படித்தேன். ஆண்டவருடைய சித்தம். நானும் அவனும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. துக்கத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை, எழுதாமல் விடுகிறேன்.

பெட்டியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. உள்ளே பஞ்சுப் பொதியில் ஒரு சொர்க்கப் பறவை இருந்தது. மஞ்சள் தலை, பச்சைத் தொண்டை, விலாவிலிருந்து வழியும் பொன்னிற இறகுகள். நான் பார்த்தவற்றிலேயே இதுதான் சிறந்தது. ஆனால் அதற்கு இரண்டு கால்கள் இருக்கின்றன.

சொர்க்கப் பறவைக்குக் கால் கிடையாது. இது சந்தைப் பேச்சு அல்ல, படித்தவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். அது தரையில் இறங்குவதே இல்லை. பனித்துளி குடித்து, காற்றிலேயே உறங்கி, செத்தால்தான் மண்ணில் விழும். அரிய பொருள்கள் சேர்த்துவைக்கும் என் அதிசய அறையில் மூன்று வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் வயிற்றுக்கடியில் வழவழவென்று தோல் மட்டுமே. சென்ற ஆண்டு அச்சிட்ட என் பொருட்பட்டியலில் இதைக் குறித்து நான்கு பக்கம் லத்தீனில் எழுதியிருக்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் லுபெர்ட் செய்ததை உங்களிடம் சொன்னானோ இல்லையோ. ஒரு முயலின் தலையில் இளமான் கொம்பை ஒட்டி, நார்வேயில் பிடித்தது என்று சொல்லி என்னிடம் கொடுத்தான். பேராசிரியர்கள் முன்னால் அதை வைத்து அரைமணி நேரம் விளக்கினேன். ஒருவர் தொட்டார், கொம்பு கையோடு வந்தது. இந்த ஊரில் என்னை இன்றும் ‘முயல் டாக்டர்’ என்பவர்கள் உண்டு.

ஆகவே கேட்கிறேன். இந்தக் கால்கள் யாருடைய வேலை? நீங்கள் கப்பல்காரர்களுக்குச் சட்டை தைத்துப் பிழைக்கிறீர்கள் என்று கேள்வி. கோபப்படாமல் பதில் எழுதவும்.

எவர்ட்


எங்க்ஹைசன், அக்டோபர் 21

பெரியவருக்கு ஹில்லே எழுதுறது.

எனக்கு உங்கள மாதிரி எழுத வராது, பேசுற மாதிரிதான் வரும். கோபப்படாம பதில் எழுதச் சொன்னீங்க. அதனாலதான் இத்தனை நாள் கழிச்சு எழுதுறேன்.

என் புருஷன் கெழக்க ஜாதிக்கா வெளையுற பண்டா தீவு வரைக்கும் கப்பல் வைத்தியரா போனாரு. திரும்புற வழியில காய்ச்சல்ல செத்தாரு, கடல்லயே இறக்கிட்டாங்க. என்கிட்ட வந்து சேந்தது அவரோட வைத்தியச் சாமான், ஒரு கோட்டு, இந்தப் பெட்டி. பெட்டி மேல சாக்கட்டியால ‘அண்ணனுக்கு’ன்னு எழுதியிருந்துச்சு. எனக்குன்னு எழுதியிருந்தா பிரிச்சிருப்பேன். எழுதல. அப்படியே உங்களுக்கு அனுப்பிட்டேன். உள்ள இருக்கிறது பறவைன்னு மட்டும் கப்பல்காரங்க சொன்னாங்க. அதுக்குக் கால் உண்டா இல்லையான்னு உங்க கடிதத்தப் பாத்துதான் எனக்கே தெரியும்.

முயல் கதை தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கடைசியில சிரிப்பு நின்னுடும். “அண்ணன் மொகத்த நீ பாத்திருக்கணும் ஹில்லே. பண்ணியிருக்கக் கூடாது”ம்பாரு. இத உங்ககிட்ட வந்து சொல்லுங்கன்னு நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். அவருக்குக் கப்பல் ஏறுறது சுலபமா இருந்துச்சு, லைடன் வர்றது கஷ்டமா இருந்துச்சு.

சட்டை தைக்கிறவ காலும் தைப்பான்னு நெனச்சுட்டீங்க. மருந்து குடுக்கிறவரு விஷமும் குடுப்பாருன்னு நான் எழுதினா எப்படி இருக்கும்?

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். இங்க மருந்துக்கடை ரோம்பவுட் அந்தப் பெட்டியக் கேட்டு ரெண்டு தடவ வந்தான். “அண்ணன்காரனுக்கு அனுப்பாதீங்க. பொய்ச் சரக்குன்னு சொல்லி மட்டம் தட்டுவாரு, நீங்களும் வாயடைச்சுப் போவீங்க. அப்புறம் நாலு வருஷம் கழிச்சு அதையே எடுத்துவெச்சுப் பேர் வாங்குவாரு. சேகரிக்கிற ஆளுங்க எல்லாம் ஒரே ரகம்”னான். அப்ப அவன வெரட்டிவிட்டேன். இப்ப உங்க கடிதத்தப் படிச்சப்போ அவன் பேச்சுதான் காதுல கேக்குது.

வேணாம்னா திருப்பி அனுப்பிடுங்க.

ஹில்லே


லைடன், அக்டோபர் 30

ஹில்லே அம்மாளுக்கு,

ரோம்பவுட்டின் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. திருக்கை மீனைக் காயவைத்து, செதுக்கி, கண்ணாடிக் கண் பதித்து, பறக்கும் நாகம் என்று விற்கிறவன் அவன். என்னிடமே ஒன்று விற்றான். அவன் கடைக்கும் உங்கள் ஊசிக்கும் எத்தனை அடி தூரம் என்று நான் கேட்டால் அதில் தப்பு என்ன இருக்கிறது?

இங்கே ஒரு நண்பரிடம் கால்களைக் காட்டினேன். பார்த்தவுடன், “காக்கா காலு” என்றார். நன்றாகப் பாரும் என்றேன். “நல்லா பாத்தாலும் காக்கா காலுதான். யாரு குடுத்தது, உங்க தம்பியா?” என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்பது எனக்குத் தெரியாதா?

நவம்பர் 11, மார்ட்டின் திருநாளன்று ஜெர்மன் பிரபு ஒருவரின் தூதர் என் அறையைப் பார்க்க வருகிறார். பல்கலைக்கழகத்தார் ஏழு பேர் உடன் வருகிறார்கள். வாத்து சமைக்கச் சொல்லியாயிற்று. பறவையை மேசைமேல் வைப்பதா, மறைப்பதா என்று அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். லுபெர்ட் இதை வாங்கியதைக் கண்ணால் பார்த்தவர் எவரேனும் உண்டா? இருந்தால் அவர் சொல்வதை எழுதி, கையொப்பத்தோடு அனுப்புங்கள். இல்லையென்றால் நான் முடிவு செய்துகொள்வேன்.

எவர்ட்


எங்க்ஹைசன், நவம்பர் 5

பெரியவருக்கு,

ஆள் இருக்கு. பேரு ஓக்கே, பாய்மரம் தைக்கிறவன், என் புருஷனோட அதே கப்பல்ல போய் வந்தவன். அவன் சொன்னத அப்படியே எழுதுறேன்.

“உன் புருஷன் பண்டாவுல தெனமும் சந்தைக்குப் போவாரு. பறவ விக்கிறவன் எவனப் பாத்தாலும் ஒரே கேள்வி. ஏம்ப்பா, இதுக்குக் கால் எங்க? ஒரு கெழவன் விழுந்து விழுந்து சிரிச்சான். காலா? நாங்கதான வெட்டுறோம். கருப்பா, செதில் செதிலா அசிங்கமா இருக்கும். தலையில செருகிக்கிற சாமானுக்குக் கால் எதுக்குன்னான். உன் புருஷன் அங்கயே மண்ணுல உக்காந்துட்டாரு. ஓக்கே, நம்ம ஊரு மேதைங்க எல்லாம் முப்பது வருஷமா இதுக்குத் தத்துவம் எழுதிக்கிட்டிருக்காங்கடான்னாரு. அப்புறம் தன்னோட நல்ல கத்தியக் குடுத்து, வெட்டாத ஒண்ணு கொண்டாய்யான்னு கேட்டாரு. பதினெட்டு நாள் கழிச்சு இது வந்துச்சு. பெட்டிய மூடுறப்போ என்கிட்ட சொன்னாரு, இந்தத் தடவ அண்ணனுக்கு நெசத்த அனுப்புறேன், மனுஷன் நம்ப மாட்டாரு பாருன்னு.”

ஓக்கே குடிகாரன், அத மறைக்கல. இவ்வளவும் சொல்ல ரெண்டு குவளை பீர் ஆச்சு. எனக்கே முழு நம்பிக்கை வரல. மறுநாள் காலையில அவன் கட்டில்ல இருந்து எந்திரிக்கிறதுக்குள்ள போய்த் திரும்பக் கேட்டேன். அதே கெழவன், அதே கத்தி, அதே பதினெட்டு நாள். ஒரு வார்த்த மாறல. கீழ சிலுவக்குறி போட்டிருக்கான், அவனுக்கு எழுதத் தெரியாது.

வேகமா போற படகுல குடுத்துவிடுறேன். திருநாளுக்கு முன்னால வந்துடும்.

ஹில்லே


லைடன், நவம்பர் 14

ஹில்லே அம்மாளுக்கு,

ஓக்கேயின் சாட்சியம் தாமதமாக வந்தது. பறவையைத் திருப்பி அனுப்ப இயலாது. காரணம் கேட்க வேண்டாம்.

எவர்ட்


எங்க்ஹைசன், நவம்பர் 29

எவர்ட் அவர்களுக்கு,

காரணம் கேக்காதன்னு சொன்னீங்க. கேக்காமயே ஊரு சொல்லுது.

அந்தத் தூதரு வட ஊர்களுக்குப் போற வழியில இங்க தங்கினாராம். சத்திரத்துல உக்காந்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லியிருக்காரு, எங்க்ஹைசன் வைத்தியர் ஒருத்தரும் அவரு பொண்டாட்டியும் காக்கா காலத் தச்சு லைடன் மருத்துவர ஏமாத்தப் பாத்தாங்க, அவரு கண்டுபுடிச்சுட்டாருன்னு. மீன் சந்தையில இப்ப எனக்கு வேற பேரு. “காலு தச்சவளே, என் ஹெர்ரிங் மீனுக்கும் ரெண்டு காலு தச்சுக் குடு, வீட்டுக்குத் தானா நடந்து போவட்டும்”னா ஒருத்தி. சுத்தி நின்னவளுங்க எல்லாம் சிரிச்சாளுங்க. நான் சிரிக்கல, மீனும் வாங்கல.

அதோட போகல. போதகர் கூப்பிட்டு அனுப்பினாரு. சபை மூப்பர்கள் நாலு பேரு உக்காந்திருந்தாங்க. “வஞ்சகம்னு ஒரு புகார் வந்திருக்கு. அது தீர்ற வரைக்கும் நீ திருவிருந்து ரொட்டியில பங்கெடுக்கக் கூடாது”ன்னாங்க. கிறிஸ்மஸ் வருது. சபை முன்னால நான் மட்டும் பெஞ்சிலயே உக்காந்திருக்கணும்.

அந்தத் தூதரோட சாமான்ல நீளமா ஒரு பெட்டி இருந்துச்சுன்னு சத்திரத்துக்காரி சொல்றா. அதுல என்ன இருந்துச்சு? எங்கள வஞ்சகர்னு சொல்லிட்டு, பறவைய அவருகிட்டயே தள்ளிட்டீங்களா? ரோம்பவுட் சொன்னதுல ஒண்ணுதான் தப்பு, நாலு வருஷம்னான். உங்களுக்கு நாலு நாள் போதுமா இருந்திருக்கு.

பதில் வரலன்னா நானே லைடன் வர்றேன். வந்து உங்க வாசல்ல நின்னு கேப்பேன்.

ஹில்லே


லைடன், டிசம்பர் 6

ஹில்லேவுக்கு,

பறவையை விற்கவில்லை. தூதரின் பெட்டியில் இருந்தது, நான் அன்பளிப்பாகக் கொடுத்த முதலைக்குட்டி. உங்கள் பறவை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முழுதாக இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். ஓக்கேயின் சாட்சியம் தாமதமாக வரவில்லை. திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்தது. படித்தேன். பீர் வாங்கிக் கொடுத்து எழுதிய கதை என்று மடித்து வைத்தேன்.

அன்று வாத்து சாப்பிட்டு முடித்து எல்லோரும் அறைக்கு வந்தார்கள். சங்குகள், வெள்ளிப்பூண் போட்ட தேங்காய், ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு எல்லாம் பார்த்தார்கள். பிறகு பறவையை எடுத்தேன். இதில் ஒரு மோசடி இருக்கிறது, உங்கள் கண்முன்னால் வெளிப்படுத்துகிறேன் என்று சொல்லிக் கத்தியை எடுத்தேன். முயல் டாக்டருக்கு இனி யாரும் கண்ணைக் கட்ட முடியாது என்று காட்ட வேண்டும் எனக்கு. வேறு ஒரு நோக்கமும் இல்லை.

வலது காலின் மேற்புறம் தோலைக் கீறினேன். நூலைத் தேடினேன், இல்லை. பசையைத் தேடினேன், அதுவும் இல்லை. தோல் ஒரே தோலாகக் காலின் மேல் இறங்கியது. விரலிலிருந்து கிளம்பிய தசைநார் உள்ளே எலும்பை ஒட்டி மேலே ஓடியது. இன்னும் ஆழமாக வெட்டினேன், கால் தனியாகக் கையில் வந்தது. இருபத்தாறு வருடம் உடல்களை அறுத்தவன் நான். பிறந்த காலுக்கும் ஒட்டிய காலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அது பிறந்த கால்.

தூதர், “என்ன மருத்துவரே, தையலா?” என்றார்.

எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பக்க லத்தீன் அச்சில் இருக்கிறது. நான், “தையல்தான்” என்றேன்.

ஒருவரும் கிட்டே வந்து பார்க்கவில்லை. என் சொல்லே போதும் என்று விட்டார்கள். அதுவரை என் வாழ்நாளில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

மறுநாள் காலை என்னுடைய மூன்று பறவைகளையும் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும், கால் இருக்க வேண்டிய இடத்தில், சுருங்கி மூடிய இரண்டு துளைகள். விளிம்பில் கத்தி பட்ட தடம். ஒன்றில் வாற்கோதுமை மணியளவு எலும்புத் துண்டு மிச்சம் இருந்தது. பதினைந்து வருடமாக அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தேன். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

தம்பி சொன்னது நிஜம். நீங்கள் சொன்னது நிஜம்.

எவர்ட்


எங்க்ஹைசன், டிசம்பர் 13

எவர்ட் அவர்களுக்கு,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். நாலாவது தடவ, இதுல என்ன சூது இருக்குன்னு தேடிப் படிச்சேன். நீங்க கத்துக்குடுத்த பழக்கம்தான்.

மன்னிப்புன்னு ஒரு வார்த்த அதுல எங்கயும் இல்ல. கேட்டிருந்தாலும் நான் குடுத்திருப்பேனான்னு தெரியல.

ஒண்ணு கேக்குறேன். தையல்னு எட்டுப் பேரு முன்னால சொன்னீங்க. தையல் இல்லன்னு எனக்கு மட்டும் எழுதுறீங்க. இந்தக் காகிதம் என் தகரப்பெட்டிக்குள்ள கெடந்து யாருக்கு என்ன பிரயோசனம்? இத மூப்பர்கள்கிட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டலாம்னு கெளம்பிட்டேன். பாதித் தெருவுல நின்னுட்டேன். நீங்க பொய் சொன்னதுக்கு அத்தாட்சிய நான் தூக்கிக்கிட்டு அலையணுமா? நீங்கதான் சொல்லணும். அதே அறையில, அதே ஆளுங்ககிட்ட. மூப்பர்களுக்குத் தனியா எழுதணும். தூதருக்கும் எழுதணும்.

செய்வீங்கன்னு எனக்குத் தோணல. சாகுறதுக்கு முன்னால அவரு உங்கள நெனச்சு அந்தப் பெட்டிய மூடினாரே, அதனால கேக்குறேன்.

ஹில்லே


லைடன், 1605 ஜனவரி 4

தங்கை ஹில்லேவுக்கு,

கிறிஸ்மஸுக்குள் செய்ய முடியவில்லை. பலர் ஊரில் இல்லை. நேற்று முன்தினம் அழைத்தேன். ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். இந்த முறை வாத்து இல்லை, ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

உங்கள் பறவையை வைத்தேன். வெட்டிய காலைப் பக்கத்தில் வைத்தேன். என்னுடைய மூன்றையும் உட்புறம் திருப்பி வைத்தேன். ஓக்கேயின் சாட்சியத்தைப் படித்தேன். மார்ட்டின் திருநாளன்று நான் சொன்னது பொய், தெரிந்தே சொன்னேன் என்றேன்.

பிறகு முன்பு காக்கா கால் என்ற அதே நண்பர் அந்தக் காலை எடுத்துப் பார்த்தார். “இது தனியா இருக்கே, எவர்ட். இது இந்தப் பறவையில இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?” என்றார். நான்தான் வெட்டினேன் என்றேன். “அன்னைக்குத் தையல்னீங்க. இன்னைக்கு இல்லங்கிறீங்க. எந்த எவர்ட நம்புறது?” என்றார். இன்னொருவர் என் தோளில் கைவைத்து, “தம்பி போன துக்கம். கொஞ்ச நாள் ஓய்வெடுங்க” என்றார். வயதில் மூத்த ஒருவர் கதவருகே நின்று, “உங்க தம்பி செத்தும் உங்கள ஏமாத்திட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு கால் பறவையிலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். அன்று கிளறியதில் அதுவும் ஆடிப்போய்விட்டது. உலகத்திலேயே முழுதாக இருந்த ஒன்றே ஒன்றை நானே கூறுபோட்டுவிட்டேன். லுபெர்ட் எனக்கு ஓர் அத்தாட்சியை அனுப்பினான். அதைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று அழித்தேன். இனி நான் சத்தியமே செய்தாலும் அவர்களுக்கு அது முயல் டாக்டரின் பேச்சு.

மூப்பர்களுக்கு எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. முத்திரை வைக்கவில்லை, நீங்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். என்னை வஞ்சகன் என்று அதில் நானே எழுதியிருக்கிறேன். வேறு சொல் பொருந்தவில்லை. தூதருக்கும் எழுதினேன், பதில் வருமென்று தோன்றவில்லை. பட்டியலின் மறுபதிப்பில் அந்த நான்கு பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் லுபெர்டின் பெயரும், பண்டா சந்தைக் கிழவர் சொன்னதும் வரும். யாரும் வாங்கப்போவதில்லை.

தம்பியின் முயலைப் பார்த்து அன்று நானும் சிரித்திருக்கலாம். இப்போது தோன்றுகிறது.

எவர்ட்


எங்க்ஹைசன், ஜூலை 17

அண்ணனுக்கு,

ஆறு மாசம் எழுதல. எழுதக் கூடாதுன்னு இல்ல. என்ன எழுதுறதுன்னு தெரியல.

உங்க கடிதத்த மூப்பர்கள் ஜனவரியிலயே படிச்சாங்க. ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரு, “அண்ணன்காரரு குடும்பத்த மூடி மறைக்கிறாரு”ன்னாங்க. போதகரு பிப்ரவரி, மார்ச்சுன்னு இழுத்து, கடைசியில ஈஸ்டருக்கு என்னச் சேத்துக்கிட்டாரு. எந்திரிச்சு திருவிருந்து மேசைக்கு நடந்து போனேன். பக்கத்துல இருந்தவ பாவாடைய ஒதுக்கிக்கிட்டா. ஆனாலும் போனேன்.

இப்ப எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. போன வாரம் பண்டாவுல இருந்து ரெண்டு கப்பல் வந்துச்சு. ஒண்ணுல வந்த வியாபாரி மூணு சொர்க்கப் பறவ கொண்டு வந்திருக்கான். மூணுக்கும் கால் இருக்கு. சத்திரத்து மாடியில வெச்சுக் காட்டுறான். ஊரே வரிசையில நிக்குது. காலுக்குக் கேலி பேசின மீன்காரியும் நின்னா, என்னப் பாத்துத் தலையக் குனிஞ்சுக்கிட்டா. ரோம்பவுட் ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டு வந்தானாம்.

நேத்து நானும் போனேன். நான் பாக்குறது இதான் மொத தடவ, தெரியுமா? என் வீட்டுக்கு வந்தத நான் பிரிக்கவே இல்லையே. கால் கருப்பா, செதில் செதிலாதான் இருக்கு. கெளைய இறுக்கிப் புடிக்கிற மாதிரி வெரல் மடங்கியிருக்கு. அதப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். பின்னால நின்னவங்க தள்ளினாங்க.

வியாபாரி சத்தமா சொல்லிக்கிட்டிருந்தான், “கால் உள்ள சொர்க்கப் பறவ இந்த நாட்டுக்கு வர்றது இதான் மொத தடவ”ன்னு.

“இல்ல”ன்னேன். “போன வருஷமே ஒண்ணு வந்துச்சு.”

“யாரு கொண்டு வந்தது?”

“கப்பல் வைத்தியர் லுபெர்ட்.”

“அப்படி ஒரு பேரக் கேட்டதே இல்லையே. நீங்க யாரு?”

“அவரு பொண்டாட்டி”ன்னேன். சிரிச்சுட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டான். புருஷன் பேரச் சொல்ற விதவைய எவன் நம்புவான்?

இந்த வெள்ளிக்கிழமை இல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மூணையும் ஆம்ஸ்டர்டாம் கொண்டு போறான். அங்க ஒரு பண்டிதரு அதப் பத்திப் புஸ்தகம் எழுதப்போறாராம். அதுல யாரு பேரு வரும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நீங்க இங்க வரணும். அவங்க பறவையப் பக்கத்துல வெச்சு, உங்ககிட்ட இருக்கிற வெட்டின காலையும் வெச்சு, ரெண்டும் ஒண்ணுதான்னு லத்தீன்லயோ எதுலயோ அந்த வியாபாரிக்கும் பண்டிதருக்கும் புரியுற மாதிரி சொல்லணும். உங்களப் பாத்தும் சிரிப்பாங்க. முயல் டாக்டர் வந்துட்டாருன்னு இங்கயும் எவனாவது சொல்வான். அதக் கேட்டுக்கிட்டு நின்னு சொல்லணும்.

அவங்க கெளம்புறதுக்கு முன்னால புதன்கிழமைப் படகு மத்தியானம் வரும். நீங்க வருவீங்கன்னு நம்புறேன்னு எழுத மாட்டேன். ஆனா படகுத்துறையில நிப்பேன்.

ஹில்லே